வீட்டுக்கும் வழிப்பயணத்துக்கும் எந்த வாக்கி-டாக்கி? டர்பன் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

டர்பன் பக்கத்தில் வாக்கி-டாக்கி வாங்க நினைப்பவர்களிடம் காரணம் கேட்டால், சொல்வது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். 2021 ஜூலைக் கலவரத்தின்போது தெருமுனையில் இரவுக் காவல் நின்றவர்களும் வீட்டில் இருந்தவர்களும் ஒருவருக்கொருவர் செய்தி சொல்லத் தவித்தார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அப்போது பல இடங்களில் சாலையும் மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் ஒன்றாகவே முடங்கின. மூன்றாவது, லோட் ஷெட்டிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டு. 2024 மார்ச் இறுதியில் மின்வெட்டு நின்று நீண்ட இடைவெளி கிடைத்தது உண்மைதான். ஆனாலும் அதற்கு முந்தைய ஆண்டு அது மிகக் கடுமையான ஆறாம் கட்டம்வரை போனதை யாரும் மறக்கவில்லை. கைபேசிக் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவே அது முழுதாகச் சார்ஜ் ஆகாது. அதனால் மின்வெட்டு நீள நீளக் கைபேசிச் சிக்னலும் தேய்ந்துகொண்டே போகும்.

எனவே ஆசை நியாயமானது. ஆனால் பலர் கடைக்குப் போய் முதலில் கேட்பது "இது எத்தனை கிலோமீட்டர் எடுக்கும்?" என்பதைத்தான். அந்தக் கேள்விக்குப் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் பதில் உங்கள் தெருவுக்குப் பொருந்தாது. யார் யாரோடு பேச வேண்டும், நடுவில் என்ன நிலம் கிடக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிவிட்டுக் கடைக்குப் போனால், செலவும் குறையும், வாங்கிய செட்டும் அலமாரியில் தூங்காது. கீழே ஒப்பிடும் எல்லா வழிகளையும் அந்தத் தாளை வைத்தே பார்க்கிறேன்.

முதலில் தூரம்

கையடக்க செட்டுகளின் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. பூமியின் வளைவும் நடுவில் நிற்கும் மேடும்தான் எல்லை. இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. ஆன்டெனா தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்குங்கள், மறுமுனைக்கும் அப்படியே செய்து இரண்டையும் கூட்டுங்கள். கிடைப்பது கிலோமீட்டரில் தூரம். தடையே இல்லாத கடற்கரையில் இரண்டு பேர் செட்டை முகத்தருகே, ஒன்றரை மீட்டர் உயரத்தில் பிடித்து நின்றால் சுமார் 10 கிலோமீட்டர் வரும். அதில் ஒருவர் 30 மீட்டர் உயர மாடியில் ஏறினால் அது 27 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். இந்தக் கணக்கில் செட்டின் ஆற்றலைச் சொல்லும் வாட் என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியின் நிலத்தை நினைத்துப் பாருங்கள். உம்லட்டுசானா ஆற்றுக்கும் உம்லாஸ் ஆற்றுக்கும் நடுவில், ஒரு மேடு, ஒரு பள்ளம், மறுபடி மேடு என்று அடுக்கடுக்காகக் கிடக்கும் நிலம் அது. மேட்டில் இருக்கும் அண்ணன் வீட்டிலிருந்து எதிர் மேட்டில் இருக்கும் தங்கை வீட்டுக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் என்றாலும் அரை வாட் செட்டே தெளிவாகப் பேசும். அதே அண்ணன் பள்ளத்தில் குடியிருந்தால், அடுத்த தெருவைத் தாண்டுவதற்குள் குரல் கரகரக்கத் தொடங்கிவிடும். செங்கல் சுவர், இரும்புக் கம்பி ஜன்னல், தகரக் கூரை எல்லாம் தம் பங்குக்கு விழுங்கும். வீட்டின் நடு அறையில் உட்கார்ந்து பேசுவதற்கும் ஜன்னலோரம் வந்து பேசுவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பயன்படுத்திப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

வாட் கூடினால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. அரை வாட்டிலிருந்து ஐந்து வாட்டுக்குப் போவது பத்து மடங்கு. தடையில்லாத வெளியில் அது தூரத்தை மூன்று மடங்குக்குச் சற்று மேலாக்கும். வீடும் மரமும் நெருங்கிய இடத்தில் இரண்டு மடங்குகூட எட்டுவது அரிது. நடுவில் மலை நின்றால், பத்து மடங்கு மின்சாரம் செலவழித்தும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. மாடிக்கு ஏறுவதால் கிடைப்பது பெரும்பாலும் வாட்டால் கிடைப்பதைவிட அதிகம். அதற்குக் காசும் ஆகாது.

சட்டம் எங்கே நிற்கிறது

தென்னாப்பிரிக்காவில் அலைவரிசையை நிர்வகிப்பது ஐகாசா என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். 2005ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டப்படி, விலக்கு அளிக்கப்பட்ட சில பட்டைகளை (அலைவரிசைத் தொகுதிகளை) தவிர மற்ற எதிலும் உரிமம் இல்லாமல் அலை அனுப்பக் கூடாது. விற்கப்படும் கருவிக்கும் ஐகாசாவின் ஒப்புதல் இருக்க வேண்டும். இதைப் பலர் காகித வேலை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. நீங்கள் உரிமமின்றி அழுத்திப் பேசும் அலைவரிசையில் ஓர் ஆம்புலன்ஸ் நிறுவனமோ, பாதுகாப்புக் காவலரோ, துறைமுகத் தொழிலாளியோ இருக்கக்கூடும். அவர்களுடைய அவசரச் செய்தி உங்கள் குரலுக்கு அடியில் புதைந்துபோகும். உங்களுக்கு அது தெரியவே தெரியாது.

உரிமம் தேவைப்படாத பட்டைகளில் குடும்பத்துக்கு ஏற்றது பி.எம்.ஆர் 446. ஐரோப்பாவிலிருந்து வந்த ஏற்பாடு இது. 446 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. முதல் சேனல் 446.00625, எட்டாவது சேனல் 446.09375, இடைவெளி 12.5 கிலோஹெர்ட்ஸ். ஆற்றல் அரை வாட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆன்டெனா செட்டோடு ஒட்டியே இருக்க வேண்டும். கழற்றி நீளமானதை மாட்டக் கூடாது. புதிய செட்டுகளில் 16 சேனல் இருக்கும். எல்லா வீட்டிலும் ஒரே வயதுச் செட் இருக்காது என்பதால் முதல் எட்டுக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

அமெரிக்காவிலோ கனடாவிலோ இருக்கும் உறவினர் ஆசையாகக் கொண்டுவந்து தரும் ஜோடிச் செட்டை இதனோடு சேர்க்க வேண்டாம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், நிறுவனமும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் அவை 462, 467 மெகாஹெர்ட்ஸில் பேசுபவை. அந்த நாட்டில் அது குடும்பங்களுக்கு ஒதுக்கிய இடம். இங்கே அந்த அலைவரிசைகளில் வேறு பயனர்கள் இருக்கிறார்கள். அந்த மாமாவிடம் ஊருக்கு வருமுன்பே சொல்லிவிடுங்கள்.

கைபேசியில் அழுத்திப் பேசும் செயலி

ஜெல்லோ போன்ற செயலிகள் கைபேசியையே வாக்கி-டாக்கியாக்குகின்றன. பொத்தானை அழுத்தினால் குழுவிலுள்ள எல்லோருக்கும் குரல் போகும். தூரத்துக்கு எல்லையே இல்லை. டொங்காட்டில் இருப்பவர் ஜோஹன்னஸ்பர்கில் லெனேசியாவில் இருப்பவரோடு பேசலாம். செலவும் டேட்டா மட்டும்தான். அன்றாடக் காவல் குழுவுக்கு, கோயில் விழா ஏற்பாட்டுக்கு, வழியில் போகும் பிள்ளை எங்கே வருகிறான் என்று கேட்பதற்கு இது போதும். வேறு எதையும் வாங்காமலே இருந்துவிடலாம்.

ஆனால் முதல் பத்தியில் சொன்ன மூன்று காரணங்களையும் மறுபடி பாருங்கள். மூன்றிலும் கோபுரம் சாய்கிறது, அல்லது நெரிசலில் திணறுகிறது. செயலி அந்தக் கோபுரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வெள்ளத்துக்காக ரேடியோ தேடுபவருக்குச் செயலி விடையாகாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

மலிவான ஐந்து வாட் செட்: ஏன் வேண்டாம்

இணையக் கடைகளில் பாவ்ஃபெங் என்ற பெயரைப் பார்க்காமல் தப்ப முடியாது. யூ.வி-5ஆர் என்ற மாடல் உலகம் முழுவதும் விற்கிறது. இரண்டு பட்டை, நாலைந்து வாட், கழற்றக்கூடிய ஆன்டெனா, கேபிள் போட்டுக் கணினியில் சிர்ப் என்ற இலவச மென்பொருளால் சேனல் ஏற்றும் வசதி. விலையோ நல்ல பெயருள்ள அரை வாட் ஜோடியைவிடக் குறைவு. "இதிலேயே 446ஐப் போட்டுக்கொள்ளலாமே?" என்று கேட்பார்கள். போடலாம்தான். ஆனால் ஆற்றலைக் குறைத்து வைத்தாலும் அரை வாட்டுக்குள் அடங்கும் என்ற உறுதி இல்லை. கழற்றக்கூடிய ஆன்டெனாவே விதிக்குப் புறம்பு. உரிமமில்லாத பட்டைக்கான கருவியாக அது ஆகாது.

அதன் தம்பி பி.எஃப்-888எஸ். பதினாறு சேனல், திரை கிடையாது, குமிழைத் திருப்பினால் போதும். வயதானவர்களுக்கு எளிது என்று பலர் இதை வாங்கிக் கொடுக்கிறார்கள். இதில் தொழிற்சாலையிலேயே ஏற்றி அனுப்பும் அலைவரிசைகளில் பல 462 மெகாஹெர்ட்ஸ் பக்கம் உள்ளவை. பெட்டியைத் திறந்து பேட்டரியை மாட்டி, "ஹலோ ஆயா" என்று சொன்ன நொடியிலேயே அந்தக் குடும்பம் வேறு யாருடைய இடத்திலோ நுழைந்திருக்கும். அவர்கள் மனம் அறிந்து செய்யவில்லை என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இந்தச் செட்டுகள் கெட்டவை என்பது என் வாதம் அல்ல. ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு ரேடியோ உரிமம் உள்ளவர் கையில் யூ.வி-5ஆர் மிகப் பயனுள்ள பொருள். உரிமம் இல்லாத வீட்டுக்கு அது பொருந்தாது.

உரிமத்தோடு ஐந்து வாட், அல்லது காவல் குழுவோடு சேர்வது

பண்ணை, பெரிய தோட்டம், கட்டட வேலை, கோயில் நிர்வாகம் போன்றவற்றுக்கு இன்னொரு வழி உண்டு. யூ.எச்.எஃப் என்ற உயர் அதிர்வெண் பட்டையில் (446உம் இதில் அடங்கும்) ஐந்து வாட் செட்டை ஐகாசாவிடம் முறையாக உரிமம் எடுத்துப் பயன்படுத்துவது. ஸார்டெக் போன்ற உள்ளூர் விற்பனைப் பெயர்கள் இந்தச் சந்தையில் பழகியவை. கடைக்காரரே விண்ணப்பத்துக்கு உதவுவார். ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும் என்பதை மறக்காமல் கணக்கில் சேருங்கள். நான்கு பேர் உள்ள ஒரு வீட்டுக்கு இது தேவைக்கு மிஞ்சியது. நாற்பது தொண்டர்களை வைத்து விழா நடத்தும் சபைக்கு இது சரி.

தெருவின் பாதுகாப்புதான் உங்கள் காரணம் என்றால், தனியாகச் செட் வாங்குமுன் உங்கள் பகுதியின் சமூகக் காவல் மன்றத்தைக் கேளுங்கள். பல இடங்களில் அவர்களோ அவர்களோடு சேர்ந்த பாதுகாப்பு நிறுவனமோ உரிமம் பெற்ற அலைவரிசையும், உயரத்தில் ரிப்பீட்டரும் வைத்திருப்பார்கள். ரிப்பீட்டர் என்பது உங்கள் சிறு செட்டின் குரலை மேட்டில் வாங்கி மறுபடி வலுவாக அனுப்பும் நிலையம். பள்ளத்து வீட்டுக்காரருக்கு அரை வாட்டால் தீராத சிக்கல் அதனால் தீர்ந்துவிடும். அதோடு, மறுமுனையில் கேட்கப் பயிற்சி பெற்ற ஆள் ஒருவர் இருப்பார். வீட்டில் வைத்துக்கொள்ளும் செட்டுக்கு அந்த வசதி கிடையாது. நீங்கள் 446இல் எவ்வளவு கத்தினாலும் எந்தக் காவல் நிலையத்துக்கும் கேட்காது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் ஒப்பவில்லை. 2021 ஜூலையில் டர்பனின் பீனிக்ஸ் வட்டாரத்தில் 30க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அந்த நாட்களில் வதந்தி பயத்தை ஊதிப் பெருக்கியது. யாரோ வருகிறார்கள், எங்கோ எரிகிறது என்று உறுதியாகத் தெரியாத செய்தி கைக்குக் கை பரவியது. ரேடியோவும் அதே வேலையைச் செய்யக்கூடியதுதான். எந்தச் செட் வாங்கினாலும், கண்ணால் கண்டதை மட்டும் சொல்வது, எங்கே எப்போது கண்டேன் என்று சேர்த்துச் சொல்வது, கேட்டதை "கேள்விப்பட்டது" என்று சொல்லிவிட்டே தொடங்குவது என்ற மூன்று கட்டுப்பாடும் குழுவில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மனித உயிர் இதில் இருக்கிறது.

மலைக்கும் கடலுக்கும்

டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடர்ப் பக்கம் இரண்டு மூன்று பக்கிகளில் (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டிகளில்) குடும்பமாகப் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அண்டர்பெர்க், ஹிம்வில் தாண்டிச் சானி கணவாயில் ஏறினால் உச்சி 2,876 மீட்டர். நான்கு சக்கரமும் உந்தும் வண்டி இல்லாமல் ஏற விடமாட்டார்கள். பாதையில் பல வளைவுகளில் கைபேசி உயிரற்றுக் கிடக்கும். முன்வண்டி "மேலிருந்து ஒரு வண்டி இறங்குது, ஒதுங்கி நில்" என்று பின்வண்டிக்குச் சொல்வதற்கு அரை வாட் செட்டே போதும். வண்டிகள் ஒன்றையொன்று பார்க்கும் தூரத்தில்தானே போகின்றன? ஆனால் வண்டிக்குள் இரும்புக் கூட்டுக்குள் இருந்து பேசுவதால் தூரம் வெகுவாகக் குறையும். வண்டி நெடுந்தூரம் பிரிந்து போகும் பயணத்துக்கு இது பற்றாது.

அப்படிப் போகிறவர்கள் நெடுங்காலமாக நம்பியிருப்பது 29 மெகாஹெர்ட்ஸ் செட். உரிமம் வேண்டும். நீண்ட அலை என்பதால் மேடு பள்ளத்தில் யூ.எச்.எஃப்பைவிடக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பண்ணைக்காரர்களும் இதையே விரும்பினார்கள். அதன் கால் அலை ஆன்டெனா இரண்டரை மீட்டர். வண்டிக் கூரையில் நெடிய கம்பி நிற்கும். அதனால்தான் கையில் பிடிக்கும் வடிவத்தில் இது சோபிப்பதில்லை. இப்போது நான்கு சக்கர ஓட்டுநர் சங்கங்கள் பல, யூ.எச்.எஃப்புக்குக் கீழே உள்ள வி.எச்.எஃப் பட்டைப் பக்கம் போய்விட்டன; உறுப்பினராகச் சேர்ந்தால் சங்கத்தின் உரிமம் பெற்ற அலைவரிசையைப் பயன்படுத்தலாம். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் மலைக்குப் போகிறவருக்கு இந்தச் செலவு வேண்டியதில்லை. சானி உச்சியில் லெசோத்தோவின் எல்லைச் சாவடி இருக்கிறது; அது தனி நாடு, அதன் விதி தனி. எல்லை தாண்டினால் செட்டை அணைத்துவிடுங்கள்.

தனியாக மலையேறுபவருக்கு எந்த வாக்கி-டாக்கியும் பாதுகாப்பு ஆகாது. கேட்க எதிரில் ஆள் இல்லாத இடத்தில் பேசி என்ன பயன்? அவருக்குத் தேவை செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் கருவி.

மீன்பிடிக்க ஸ்கீ படகில் கடலுக்குள் போகிறவர்கள் இந்தக் கட்டுரையின் மற்ற எல்லா வழிகளையும் மறந்துவிடலாம். கடலுக்கு மரைன் வி.எச்.எஃப் ஒன்றுதான். 16ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், கப்பல்களும் கடல் மீட்புப் படையும் காதைத் தீட்டி வைத்திருக்கும் இடம். பாறையில் நின்று தூண்டில் போடும் அப்பாவும் கரையில் வண்டியருகே இருக்கும் பிள்ளைகளும் பேசிக்கொள்ள வேண்டுமானால் 446 போதும். அப்போது நீர் புகாத செட்டாக வாங்குங்கள். மோட்டோரோலாவின் டி92 நீரும் தூசும் புகாத ஐ.பி 67 தரம் உள்ளது, தண்ணீரில் மிதக்கும்.

ஹாம் உரிமம்: வீட்டில் ஒருவருக்காவது

என் மனத்துக்கு மிக நெருக்கமான வழி இது. எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தென்னாப்பிரிக்க ரேடியோ லீக் 1925இல் தொடங்கியது. அது நடத்தும் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை, மே மாதமும் அக்டோபர் மாதமும் வரும். ஓமின் விதி, ஆன்டெனா, அலை பரவும் முறை, விதிமுறைகள் ஆகியவை பாடம். பள்ளியில் அறிவியல் படித்த பிள்ளை சில மாதம் உட்கார்ந்தால் தேறிவிடும். தேறியவருக்கு ஐகாசா இசட்.எஸ் போன்ற எழுத்தில் தொடங்கும் அழைப்புக்குறி தருகிறது, இளையோருக்கென இசட்.யூ என்ற தொடக்க வகுப்பும் உண்டு. அதன்பின் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ்வரை, 430 முதல் 440வரை என்று பரந்த இடமும், மேடுகளின் மேல் ஹாம் மன்றங்கள் நடத்தும் ரிப்பீட்டர்களும் திறக்கும். கீழே குறுகிய அலையில் போனால் கோபுரமும் செயற்கைக்கோளும் இல்லாமலே மொரீஷியஸோடும் இந்தியாவோடும் பேசலாம். பேரிடர் வந்தால் லீக்கின் அவசரப் பிரிவான ஹாம்நெட் அதிகாரிகளுக்குத் துணை நிற்கிறது. உரிமம் பெற்றவர் அதில் தொண்டராகலாம்.

இதில் ஒரு வரம்பு உண்டு, வீட்டுத் தேவைக்கு அது பெரிய வரம்பு. உரிமம் ஆளுக்குத் தரப்படுவது. அண்ணன் தேர்வில் தேறினால் அண்ணன் பேசலாம்; அம்மாவும் தங்கையும் அதே செட்டைத் தாமாக எடுத்துப் பேச முடியாது. வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மறைகுறியில் பேசக் கூடாது. ஆகவே குடும்பத்தின் உள்பேச்சுக்கு 446, குடும்பத்திலிருந்து வெளியுலகத்துக்கு ஒருவரிடம் ஹாம் என்பதுதான் நான் பரிந்துரைக்கும் அமைப்பு. நம் தமிழ்ப் பள்ளிகளில் படிக்கும் பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இதைப்போல இயற்பியலைக் கையால் தொட்டுப் பார்க்க வைக்கும் பொழுதுபோக்கு வேறொன்றை நான் காணவில்லை.

அப்படியானால் எதை வாங்குவது?

தாளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான குடும்பங்களின் தாளில் "அதே பகுதியில் மூன்று வீடு, ஆண்டுக்கு ஒரு பயணம், கோயில் விழா" என்றுதான் இருக்கும். அதற்கு என் தேர்வு பி.எம்.ஆர் 446 செட், வீட்டுக்கு இரண்டு. ஒன்று வீட்டில் நிற்கும், ஒன்று வெளியே போகும். எந்த மாடல் என்பதைவிட எப்படிச் சார்ஜ் ஆகிறது என்பதைப் பார்த்து வாங்குங்கள். மின்சாரம் போகும் ஊரில், சொந்த மேசைச் சார்ஜர் இல்லாமல் சார்ஜ் ஆகாத செட் பாதிப் பயன்தான். யூ.எஸ்.பி கம்பியில் ஏறினால் பவர் பேங்கிலும் காரிலும் ஏற்றலாம். மோட்டோரோலாவின் டி82, டி92 போன்ற மாடல்களில் சார்ஜ் செய்யும் பேட்டரிக்குப் பதிலாக மூன்று ஏ.ஏ பேட்டரியும் போடலாம். மூன்றாம் நாள் இருட்டில் மூலைக்கடையில் கிடைக்கும் பேட்டரியே கைகொடுக்கும். ஐகாசா ஒப்புதல் உள்ள செட்டா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

எல்லா வீட்டிலும் ஒரே மாடல் வாங்கினால் பாதிச் சிக்கல் வராது. ஏன் என்று அடுத்து வருகிறது.

அமைக்கும் முறை

சேனலைத் தேர்ந்தெடுக்குமுன் ஒரு மாலை நேரம் ஜன்னலோரம் வைத்து எட்டையும் மாறி மாறிக் கேளுங்கள். முதல் சேனலில் பிள்ளைகளின் விளையாட்டுச் செட்டுகள் நிறைந்திருக்கும், ஏனெனில் எல்லாச் செட்டும் அங்கேதான் திறக்கின்றன. நடுவில் அமைதியான ஒன்றை எடுங்கள்.

அடுத்து டோன். பெட்டியில் "தனியுரிமைக் குறியீடு" என்று போட்டிருப்பார்கள். அந்தப் பெயரை நம்ப வேண்டாம். டோன் என்பது உங்கள் குரலோடு அடியில் போகும், காதில் விழாத ஒரு தாழ்ந்த ஒலி. அதே டோன் வந்தால்தான் உங்கள் செட் வாயைத் திறக்கும். மற்றவர்கள் பேசுவது உங்களுக்குக் கேட்காது, அவ்வளவே. நீங்கள் பேசுவதை டோன் போடாத எவரும் கேட்கலாம். எனவே வீட்டில் யாரும் இல்லை, நகை எங்கே, பூட்டு எங்கே என்பதையெல்லாம் ரேடியோவில் பேசாதீர்கள்.

வெவ்வேறு நிறுவனச் செட்டுகளைக் கலந்தால் டோன் எண்ணில் இடறும். 38 டோன் பட்டியலில் 1 என்பது 67.0 ஹெர்ட்ஸ், 2 என்பது 71.9. வேறு சில செட்டுகளின் நீண்ட பட்டியலில் 2 என்பது 69.3. இருவரும் "சேனல் 5, குறியீடு 2" என்று வைத்திருந்தும் ஒருவருக்கொருவர் ஊமையாக இருப்பார்கள். செட் பழுது என்று கடைக்குத் திருப்பியவர்களும் உண்டு. கையேட்டைத் திறந்து ஹெர்ட்ஸைப் பார்த்துப் பொருத்துங்கள். 38 பட்டியலில் எட்டாவதாக வரும் 88.5 ஹெர்ட்ஸ் எல்லாச் செட்டிலும் இருக்கும்.

அன்றாடத்துக்கு டோன் போட்டுக்கொள்ளுங்கள், காது நிம்மதியாக இருக்கும். வெள்ளம், கலவரம் என்று வந்தால் டோனைப் பூஜ்யமாக்குவது என்று முன்பே பேசி வையுங்கள். அப்போது அக்கம்பக்கத்து வீட்டில் அதே சேனலில் யார் பேசினாலும் அவர் குரல் உங்களுக்குக் கேட்கும்; அவரும் டோன் போடாமல் இருந்தால் உங்கள் குரல் அவருக்கும் கேட்கும்.

குரல் தானாக அனுப்பப்படும் வாக்ஸ் வசதியை அணைத்துவிடுங்கள். நாய் குரைத்தாலும் அது அலை அனுப்பும். பேசி முடித்ததும் வரும் பீப் ஒலியையும் அணைக்கலாம். விசைப்பூட்டைப் போடுங்கள், பையில் கிடந்து சேனல் மாறாமல் இருக்க. செட்டின் பின்புறம் ஒரு பசைத்தாளில் சேனல், டோன், வீட்டின் அழைப்புப் பெயர் மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். அந்த எண்ணை நினைவு வைத்திருக்கும் ஆள் அன்று வீட்டில் இல்லாமல் போகலாம்.

பேசும் முறையைப் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். பெரியவர்களுக்குத்தான் பழக வேண்டும். பொத்தானை அழுத்தி ஒரு நொடி நின்று பிறகு பேசுங்கள். பேட்டரி மிச்சத்துக்காகச் செட் அரைத்தூக்கத்தில் இருக்கும், அது விழிப்பதற்குள் முதல் சொல் வெட்டுப்பட்டுவிடும். "வராதே" என்பதில் "வரா" போனால் என்ன மிஞ்சும் என்று யோசியுங்கள். செட்டை நிமிர்த்திப் பிடித்து, வாயிலிருந்து நாலைந்து விரல் தள்ளி, சாதாரணக் குரலில் சொல்லுங்கள். இடுப்பில் மாட்டியபடி பேசினால் உடம்பே அலையை விழுங்கும். ஏழும் எட்டும் கரகரப்பில் ஒன்றுபோல ஒலிக்கும்; எண்ணை இரண்டு முறை சொல்லுங்கள். ஆயாவுக்குத் தமிழ்தான் வரும், பேரனுக்கு ஆங்கிலம்தான் வரும் என்ற வீடுகளில், பேசி முடித்ததற்கும் "கேட்டது" என்பதற்கும் எந்தச் சொல் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும்.

நேரம் வகுத்துக்கொள்வது பேட்டரியைக் காப்பாற்றும். மின்சாரம் இல்லாத நாளில் எல்லோரும் நாள் முழுவதும் செட்டைத் திறந்து வைத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மணியும் தொடங்கும்போது ஐந்து நிமிடம் எல்லா வீடும் கேட்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு சார்ஜ் பல நாள் போகும். மூன்று வீட்டில் எது மேட்டில் இருக்கிறதோ, அந்த வீடு நடுவண் வீடு. பள்ளத்து வீடுகள் ஒன்றையொன்று கேட்காதபோது அது செய்தியை வாங்கிச் சொல்லும். இன்னும் சிக்னல் கிடைக்கும் கைபேசி யாரிடம் இருக்கிறதோ, அவரே காவல் துறையின் 10111க்கும் ஆம்புலன்ஸின் 10177க்கும் பேசுபவர்.

இதையெல்லாம் பழக்கிப் பார்க்க நமக்கு நல்ல வாய்ப்புகள் உண்டு. புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கம் மாரியம்மன் கோயிலில் ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும்; கைபேசி நெரிசலில் திணறும், முதியவர்களும் பிள்ளைகளும் பிரிந்து போவார்கள். தைப்பூசக் காவடி ஊர்வலத்திலும் முன்னால் காவடியோடு ஒருவர், பின்னால் தேரோடு ஒருவர் என்று பிரிந்துதான் நடக்கிறோம். இரண்டு செட்டை எடுத்துப் போய்ப் பேசிப் பாருங்கள்: எந்த மூலையில் கேட்கவில்லை, யார் பொத்தானை அழுத்தாமலே பேசுகிறார், பேட்டரி எத்தனை மணிக்குச் சிவப்பு காட்டுகிறது என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும்.

செட்டைப் பயன்படுத்தாமல் வைக்கும்போது லித்தியம் பேட்டரியைப் பாதிச் சார்ஜில் வையுங்கள், ஏ.ஏ பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள், ஒழுகினால் செட்டே போய்விடும். டர்பனின் உப்புக் காற்றில் பேட்டரி தொடும் தகடுகள் பச்சை பூக்கும். மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்து, அன்றே மூன்று வீடும் ஒருமுறை அழைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.